நான்கு அட்டையும் ஒரு பொட்டலமும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 57, இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் முகாமில் பார்த்தபோது பிரஷர் 168/100. அன்றிலிருந்து அரசு மாத்திரை மாதா மாதம் வீட்டுக்கே வருகிறது. மாசி மாதத்திலிருந்து அது இரண்டு மாத்திரையாகிவிட்டது. சித்திரையில் திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது தலைவலி என்று தனியார் கிளினிக்கில் காட்டினோம். 160/98 என்று சொல்லி இரவுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் விடாமல் போடுகிறார். இப்போது 108/68. ஆனால் கால் வீங்குகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. மூன்று மாதமாக வறட்டு இருமல். பனிக்காற்று என்று நினைத்து அதிமதுரக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை தினம் இரண்டு. பிரஷர்தான் இறங்கிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா? கால் வீக்கம் கிட்னிக் கோளாறா? பக்கத்து லைன் மாமா, சர்ப்பகந்தி வேர்ப்பொடி இருக்க இங்கிலீஷ் மருந்து எதற்கு என்கிறார். அட்டைகளில் இருக்கும் பெயர்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். காலையில்: அம்லோடிபின் 5, எனலாபிரில் 5. இரவில்: கம்பெனிப் பெயருக்குக் கீழே டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5. வலிக்கு: டைக்ளோபினாக் 50.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு அட்டைகளையும் அந்த அதிமதுரப் பொட்டலத்தையும் ஒரு துணிப்பையில் போடுங்கள். நாளைக்கு ஒரு நாள் அம்மாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். வலி மாத்திரையையும் கஷாயத்தையும் இந்த நிமிஷத்தோடு நிறுத்திவிடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று இரவு திருப்பூர் மாத்திரை வேண்டாம். அது செய்யும் வேலையைக் காலையில் போட்ட இரண்டு மாத்திரைகளும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. நாளைக் காலை மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போய், டாக்டர் பிரஷர் பார்த்துச் சொன்ன பிறகு போடட்டும். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போவதால் ஒன்றும் ஆகிவிடாது.

அதற்கிடையில் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, ஒரு பக்கக் கை கால் செயலிழந்தாலோ, பேச்சு குளறினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி விளக்கத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தக் கடைசி நாலு வரிதான். பெரும்பாலானவர்கள் என்னிடம் ‘சின்ன வெள்ளை மாத்திரை’, ‘ரோஸ் கலர் மாத்திரை’ என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துக் கம்பெனிப் பெயருக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மைப் பெயரைத் தேடி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொடி எழுத்துதான் இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பாருங்கள். காலை அட்டையில் அம்லோடிபின் 5. இரவு அட்டைக்குள்ளும் அம்லோடிபின் 5 இருக்கிறது. ஆக, அம்மா தினமும் 10 மில்லிகிராம் அம்லோடிபின் போடுகிறார். பொதுவாகக் கொடுக்கும் உச்ச அளவே அதுதான். இது யாரும் யோசித்துக் கொடுத்ததல்ல, தானாக நேர்ந்தது. அடுத்து, எனலாபிரிலும் டெல்மிசார்டனும். பெயர் வேறு, ஆனால் இரண்டும் உடம்பில் ஒரே ஏற்பாட்டின் மீது கை வைப்பவை. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு ரசாயனம் உருவாவதை எனலாபிரில் தடுக்கிறது. உருவானது வேலை செய்யும் இடத்தை டெல்மிசார்டன் அடைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நன்மை இரட்டிக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினோம். 25,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வு 2008-இல் அந்த நம்பிக்கையை முடித்து வைத்தது. டெல்மிசார்டனோடு எனலாபிரிலின் உடன்பிறப்பான ராமிபிரிலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின. அதனால் இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும்.

கோத்தகிரி டாக்டர் எழுதியது சரிதான். திருப்பூர் டாக்டர் எழுதியதும் தனியாகப் பார்த்தால் சரிதான். இரண்டும் அம்மாவின் தட்டில் ஒன்றாக விழுந்ததுதான் தவறு. முதல் அட்டைகள் இருப்பது இரண்டாவது டாக்டருக்குத் தெரியவில்லை.

இதை நான் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. நானே செய்த தவறு இது. மலைக்கு வந்த புதிதில், ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வந்த அறுபது வயதுப் பெரியவருக்கு பிரஷர் பார்த்தேன், அதிகமாக இருந்தது. “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டேன். “இல்லைங்க” என்றார். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நான் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கூட்டு மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு படியில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்தார். சட்டைப் பையில், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அரசு அட்டை, பாதி மாத்திரை தீர்ந்த நிலையில். அன்றிலிருந்து ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். பையைக் கொண்டுவாருங்கள், மேஜை மேல் கொட்டுங்கள் என்கிறேன். அந்த முறிந்த மணிக்கட்டு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கம்பெனிப் பெயர்களின் வாலில் வரும் எழுத்துகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ‘எச்’ என்றால் ஹைட்ரோகுளோரோதயசைட், ‘சி.டி.’ என்றால் குளோர்தாலிடோன். இரண்டுமே சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் நீர் மாத்திரைகள். அப்புறம், மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை தருவார்கள். பெயர் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாகக் கேளுங்கள். வீட்டிலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் முனையைக் கடைசி வரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, இருமலுக்கு வருவோம். எனலாபிரில் குடும்பத்து மருந்துகள் போடுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தொண்டையில் யாரோ இறகால் வருடுவது போல இருக்கும், படுத்தால் கூடும். இந்த மருந்து பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் தேங்க விடுகிறது, அது மூச்சுக்குழாயைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. மாசியில் மருந்து, சித்திரைவாக்கில் இருமல். கணக்கு பொருந்துகிறது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் இருமல் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கலாம். மாற்றாக எழுதுவதே டெல்மிசார்டன், லோசார்டன் வகைதான், அவற்றில் இந்த இருமல் அபூர்வம். அதனால் நாளை டாக்டர் எனலாபிரிலை விட்டு டெல்மிசார்டனை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலையும் மருந்தின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

இப்போது அதிமதுரம். அன்போடுதான் கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். குளிர் ஊரில் தொண்டைக்கு இதம் தரும் வேர் அது, எப்போதாவது ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் குற்றமில்லை. ஆனால் வாரக் கணக்கில் தினமும் குடித்தால், அதில் இருக்கும் கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும். பாருங்கள், பிரஷர் மாத்திரையால் இருமல், இருமலுக்குக் கஷாயம், கஷாயத்தால் பிரஷர், அந்தப் பிரஷருக்கு இன்னொரு மாத்திரை. ஒவ்வொரு படியும் நல்ல எண்ணத்தில் எடுத்து வைத்ததுதான். ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் இதே ரகம். பல மாத்திரைகளில் பினைலெப்ரின் இருக்கும், அது ரத்தக் குழாயைச் சுருக்கும். பிரஷர் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சளிக்குக் கேளுங்கள். ஆவி பிடிப்பது, வெந்நீர், உப்பு நீரில் கொப்பளித்துத் துப்புவது, இவை போதும்.

எனக்கு இருமலைவிடக் கவலை தருவது வலி மாத்திரைதான்.

முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி ஏறும் முட்டிகள் 57 வயதில் வலிக்காமல் எப்படி இருக்கும்? அந்த வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் பலனைக் குறைக்கும். திருப்பூரில் 160 காட்டியதற்கு இதுவே ஒரு காரணமாக இருந்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. சிறுநீரகத்துக்குள் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் சின்னச் சின்னச் சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். வலி மாத்திரை உள் வாசலைச் சுருக்குகிறது. எனலாபிரிலும் டெல்மிசார்டனும் வெளி வாசலை அகலமாகத் திறந்துவிடுகின்றன. தனியாகப் போட்டால் அதில் தப்பில்லை, பல நோயாளிகளுக்கு அதுவே சிறுநீரகத்தைக் காக்கிறது. ஆனால் வருவது குறைந்து போவது கூடினால், நடுவில் இருக்கும் சல்லடையில் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. இவற்றோடு ஒரு நீர் மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பேதியோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றிய நாளில் இந்தக் கூட்டு சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் சாய்த்துவிடக்கூடும்.

அதனால் நாளைக்கு ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் இவ்வளவும் பார்த்துவிடுங்கள். அங்கே பொட்டாசியம் பார்க்க வசதியில்லை என்றால் ஊட்டிக்கு எழுதித் தருவார்கள். அலைச்சல்தான், ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எனலாபிரில், டெல்மிசார்டன் வகை மருந்தைத் தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும், ஒன்றிரண்டு வாரத்தில் இந்தப் பரிசோதனை செய்வது நல்லது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். இந்த மருந்து போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் சமையலில் சேர்க்க வேண்டாம்.

முட்டிக்கு என்ன செய்வது? பாரசிட்டமால் 500 மில்லிகிராம், வலி அதிகமான நாட்களில், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் டாக்டரைக் கேட்டுத்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நம் ஊர் நீலகிரித் தைலத்தைத் தாராளமாகத் தேய்க்கலாம், உள்ளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. தொடைத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது. ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். ஆறு வாரம் விடாமல் செய்தால் படி ஏறும்போது அம்மாவுக்கே வித்தியாசம் தெரியும்.

கால் வீக்கம் கிட்னிக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக அம்லோடிபின் வேலை. அது நுண்ணிய ரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. சாயங்காலம் செருப்பு வார் அழுந்திய தடம் தெரியும், காலையில் எழும்போது குறைந்திருக்கும். 5 மில்லிகிராமைவிட 10-இல் இது பல மடங்கு அதிகம். அளவைக் குறைத்தால் வடிந்துவிடும். வீக்கத்துக்கு என்று நீர் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், இந்த வகை வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது. ஆனாலும் நாளைய பரிசோதனையில் சிறுநீரகமும் இதயமும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மனதார நிம்மதி அடையலாம். தலைசுற்றலுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. உட்கார வைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் மறுபடி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்து அதிகமாக இருக்கலாம் என்று பொருள். அதுவரை அம்மா கட்டிலில் இருந்து எழும்போது ஓரமாக ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சரிவுக்கு வேலைக்குப் போக வேண்டாம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பிரஷர் இறங்கிவிட்டதே, நிறுத்தலாமா?

மழையில் அம்மா பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறிப்பார். உடம்பு நனையவில்லை. அதற்காக மழை விட்டுவிட்டது என்று தாளைக் கழற்றிப் போட மாட்டார் அல்லவா? இந்த 108-உம் அப்படித்தான், மருந்து போர்த்தியிருப்பதால் வந்த எண். அம்மா விஷயத்தில் போர்வை இரண்டாகிவிட்டது, ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டையும் எடுத்தால் சில நாளில் அல்லது சில வாரத்தில் பழைய 168-க்கே போகும், அது போவது உடம்புக்குத் தெரியாது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று பலர் நம்புகிறார்கள். 180 இருக்கும்போதும் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்ற பேச்சும் லைனில் இருக்கும். அளவோடு, பரிசோதனையோடு போட்டால் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும். கட்டுப்படாத பிரஷர்தான் அதை அரிக்கும். அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகளைப் போடுகிறவர்கள் உங்கள் லைனில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயம் படபடத்து நெஞ்சு வலி வரை போகலாம், டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். கர்ப்பமாக இருக்கும் பெண்ணோ, கர்ப்பத்துக்கு முயலும் பெண்ணோ எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் எதையும் தொடரக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து. உடனே டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். அம்மாவின் மீதி மாத்திரையை வீட்டில் வேறு யாரும் எடுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்ன சர்ப்பகந்தியைக் கட்டுக்கதை என்று நான் ஒதுக்க மாட்டேன். அந்த வேர் பிரஷரைக் குறைக்கும் என்பது உண்மை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டதை 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார், உலகமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து வந்து பல வருஷம் புழக்கத்தில் இருந்தது. ஆனால் அது மனச்சோர்வையும் மூக்கடைப்பையும் கொண்டுவரும் என்பதையும் அதே காலத்தில்தான் கற்றோம். பொட்டலத்தில் வரும் பொடியில் எவ்வளவு மருந்துச் சத்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே தலை சுற்றுகிற அம்மாவுக்கு அதையும் கொடுத்தால் மூன்றாவது போர்வை. மாமாவிடம் மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரஷர் பார்ப்பதில் நம் மலைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. குளிருக்கு ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. அதோடே பட்டையைச் சுற்றி அளந்துவிடுகிறார்கள். அல்லது ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, மடிப்பு புஜத்தை இறுக்க இறுக்க அளக்கிறார்கள். இரண்டிலும் எண் தப்பாக வரும். ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். வெறும் கையில், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, வெற்றிலைப் புகையிலை கூடாது. முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை. திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் போய் அளந்திருந்தால், அந்த 160-இல் எவ்வளவு நோய், எவ்வளவு அலைச்சல் என்று பிரிக்கவே முடியாது. வீட்டில் அளக்கும்போது சராசரியாக 135/85-க்குக் கீழே இருந்தால் நல்ல கட்டுப்பாடு. அம்மாவுக்கு எது இலக்கு என்று நாளை டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

மலை இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம், ஆனால் உடம்பு மார்கழியிலிருந்து சித்திரைக்கு வந்த மாதிரி. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் கொஞ்சம் ஏறும். வெயிலில் விரிவதாலும் வியர்ப்பதாலும் இறங்கும். மே மாதம் திருப்பூரில் ஒரு வாரம் தங்கினால் அதே மாத்திரை அங்கே கூடுதலாகத் தெரியலாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தலை சுற்றினால் அளந்து பார்த்து, இங்கே பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அங்கே புது மாத்திரை தொடங்க நேர்ந்தால் பழைய அட்டைகளைக் காட்டிய பிறகுதான். பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடு தண்ணீர் இறங்காத நாட்களில் எனலாபிரில், டெல்மிசார்டன், நீர் மாத்திரை இவற்றை ஓரிரு நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உங்கள் டாக்டரிடம் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

மாத்திரை நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலையா இரவா என்று குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேரிடம் நடந்த டைம் ஆய்வு 2022-இல் வெளிவந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. அம்மா மறக்காமல் போடக்கூடிய நேரமே சரியான நேரம். மறந்துவிட்டால் ஞாபகம் வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகப் போடக் கூடாது.

பின்னால் எப்போதாவது நீர் மாத்திரை எழுதினால், அம்மா வெளியே சொல்லாத ஒரு சிரமம் வரும். தேயிலைக் காட்டில் கழிப்பறை ஏது? பெண்கள் வேலை நாட்களில் நீர் மாத்திரையைத் தொடுவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார்கள் என்பதை என்னிடம் ஒரு அக்கா சொல்ல மூன்று வருஷம் ஆனது. அதற்கு முன் எத்தனை பேருக்கு அளவைக் கூட்டி எழுதினேனோ தெரியவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு, மாலை நாலு மணிவாக்கில் போடலாமா, அல்லது வேறு மாத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டுக்கும் வழி உண்டு.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். திருப்பூர் சீட்டை அவரிடமும் காட்டி, நாளை டாக்டர் மாற்றி எழுதுவதை அவருடைய பதிவிலும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் பழைய எனலாபிரில் மறுபடி வாசலுக்கு வந்துவிடும். கையில் எப்போதும் பத்து நாளைக்கு மிச்சம் இருக்கட்டும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் அதிகம். 2009 நவம்பர் மண்சரிவில் மலை ரோடுகள் அடைபட்டபோது, மாத்திரை தீர்ந்துபோய் 200-ஐத் தொட்ட பிரஷரோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈரம் படாமல் அட்டையோடு தகர டப்பாவில் வையுங்கள், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சாப்பாட்டில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். டீ இரண்டு மூன்று கிளாஸ் குடிக்கலாம், வர்க்கியை எப்போதாவது தொட்டுக்கொள்ளட்டும்.

பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டு எண்ணையும், டாக்டர் கடைசியில் எந்த அட்டைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார் என்பதையும் அதே மாதிரி எழுத்து எழுத்தாக எழுதி அனுப்புங்கள். அம்மாவின் இருமல் எந்த வாரம் நின்றது என்பதையும்.